மார்த்தா வைட் வெள்ளை கார்ன்மீல் மிக்ஸ்: தேங்க்ஸ்கிவிங் டிரெஸ்ஸிங்குக்கு நம்பி வாங்கலாம்

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் அமெரிக்க நன்றி விருந்தான தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழியை யார் கொண்டுவந்தாலும் சரி, அதனோடு பரிமாறும் டிரெஸ்ஸிங் நம் பொறுப்பு என்று ஆகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கார்ன்மீல்தான், அதாவது கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோள மாவு. சேஜ் என்ற வாசனை இலை, செலரித் தண்டு, சூப் எல்லாம் அப்புறம். அந்த மாவில் சுடும் ரொட்டியான கார்ன்பிரெட் சரியாக அமையாவிட்டால் அதன் மேல் எதைக் கொட்டினாலும் எடுபடாது. இந்த விஷயத்தில் மார்த்தா வைட்டின் செல்ஃப் ரைசிங் (தானே உப்பும்) வெள்ளை கார்ன்மீல் மிக்ஸ் எனக்கு முழுத் திருப்தி, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

இதுவரை சாப்பிட்டிராதவர்களுக்கு: கார்ன்பிரெட்டை உதிர்த்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரி, சேஜ் இலை, மிளகு, கோழி சூப், முட்டை எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஓவனில் சுட்டெடுப்பதுதான் டிரெஸ்ஸிங். அமெரிக்காவின் தெற்கே டென்னசி, ஜார்ஜியா, அலபாமா பக்கத்து வீடுகளில் இது மேஜைக்கு வரவில்லை என்றால் சாப்பாடே முழுமையாகாது. மார்த்தா வைட்டும் அந்தப் பக்கத்தில் பிறந்ததுதான். 1899இல் டென்னசியின் நாஷ்வில்லில் மாவு ஆலை வைத்திருந்த ரிச்சர்ட் லிண்ட்ஸி, தன் மகளின் பெயரை மாவுக்கு வைத்தார். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் விளம்பரதாரராக இந்தப் பெயர் மனப்பாடம்.

இதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் சர்க்கரை கிடையாது என்பது. வெள்ளை மக்காச்சோளம், கொஞ்சம் கோதுமை மாவு, உப்பு, உப்ப வைக்கும் பொருள்கள், அவ்வளவுதான். கடையில் இதன் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் சின்னப் பெட்டி மிக்ஸ்கள் பலவற்றில் கோதுமை மாவும் சர்க்கரையும்தான் தூக்கலாக இருக்கும். மாலையில் காபியோடு தின்ன அவை அருமைதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் சேஜும் மிளகும் வெங்காயமும் சேரும் இடத்தில் அந்த இனிப்பு ஒட்டவே ஒட்டாது, சூப் ஊற்றியதும் கேக் போலக் கரைந்தும் போய்விடும். மார்த்தா வைட்டில் சுட்ட கார்ன்பிரெட் அப்படியில்லை. மறுநாள் கையால் உதிர்த்தால் சிறு சிறு கட்டிகளாக நிற்கும், சூப்பைக் குடித்த பிறகும் நாக்கில் லேசான நறநறப்பு மிஞ்சும். அதுதான் வேண்டும். (நம் ஊர்க் கடையில் கிடைக்கும் நைஸான கார்ன் ஃப்ளவர் வேறு பொருள், அதை வாங்கிவிடாதீர்கள்.)

இந்த மாவின் குணம் தெரிய வேண்டுமானால் ஸ்கில்லெட் என்ற கனமான வார்ப்பிரும்பு வாணலியில்தான் சுட வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது லாட்ஜ் என்ற கம்பெனியுடையது, அதுவும் டென்னசியில் வார்க்கிறதுதான். தோசைக்கல்லைப் பழக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைப் பராமரிக்கத் தனியாகப் பாடம் தேவையில்லை. 10 அங்குல ஸ்கில்லெட்டில் நாலைந்து தேக்கரண்டி எண்ணெய் விட்டு, 425 டிகிரி பாரன்ஹீட் ஓவனுக்குள் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். 2 கப் மிக்ஸ், ஒரு முட்டை, ஒன்றே முக்கால் கப் பட்டர்மில்க். பட்டர்மில்க் இல்லை என்றால் புளித்த தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம், வித்தியாசமே தெரியாது. மாவை ஊற்றும்போது ஓரமெல்லாம் சுரீர் என்று பொரிய வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் அடிப்பாகம் பொன்னிறமாக மொறுமொறுவென்று வரும், டிரெஸ்ஸிங்கில் நடுநடுவே கடிபடுகிற துண்டுகள் அந்த அடிப்பாகத்திலிருந்து வருபவைதான். 20, 25 நிமிடத்தில் எடுத்துவிடலாம். பேக்கிங் பவுடர் தனியாகப் போட வேண்டாம், அது மிக்ஸிலேயே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது உப்பு. மிக்ஸில் ஏற்கெனவே இருப்பதால், உப்பில்லாத சூப்பும் உப்பில்லாத வெண்ணெயும் வாங்குங்கள். வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது 113 கிராம், அதில் வெங்காயமும் செலரியும் குழையும்வரை வதங்கட்டும், அவசரப்படாதீர்கள், பச்சைச் செலரி நறுக்கென்று பல்லில் மாட்டினால் மொத்தமும் கெட்டது. ஒரு நாள் காய்ந்த கார்ன்பிரெட்டோடு நாலு துண்டு பழைய வெள்ளை ரொட்டியும் உதிர்த்துச் சேர்த்தால் கலவை பிடித்துக்கொள்ளும். சூப் இரண்டரை, மூன்று கப் வரை இழுக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அலபாமா பாட்டி அளவே பார்ப்பதில்லை, கிண்ணத்தைச் சாய்ப்பார், கலவை மெல்ல நழுவி வந்தால் போதும் என்பார், அப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒரு கரண்டி சூப். பார்க்கும்போது ரொம்பத் தளர்வாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம், ஓவன் சூட்டில் இறுகிவிடும். முட்டை சேர்ப்பதற்கு முன்பே ஒரு வாய் போட்டு உப்பும் சேஜும் பார்த்துவிடுங்கள். பிறகு 2 முட்டை, 350 டிகிரியில் முக்கால் மணி நேரம், நடுவில் 165 டிகிரி வந்திருக்கிறதா என்று தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து எடுங்கள்.

முட்டை சாப்பிடும் சைவக்காரர்களும் தாராளமாகச் செய்யலாம், மாவில் இறைச்சிக் கொழுப்பு எதுவும் இல்லை. கோழி சூப்புக்குப் பதில் வெங்காயம், காரட், செலரித் தண்டு, காளான் போட்டு வீட்டிலேயே கொதிக்கவைத்த காய்கறி சூப் நன்றாகவே இருக்கும், காளான்தான் அதற்குக் கனம் தரும்.

தெற்கு மாநிலங்களில் இந்தப் பை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், வடக்கே போகப் போகத் தேட வேண்டியிருக்கும், அங்கே இருப்பவர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுவது நல்லது. பையில் இருக்கும் தேதியைப் பாருங்கள், பழைய மிக்ஸ் சரியாக உப்பாது. திறந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்போடு தொட்டுக்கொள்ள இனிப்பு கார்ன்பிரெட் தேடுபவராக இருந்தால் இது உங்களுக்கானதல்ல, டிரெஸ்ஸிங்குக்கு என்றால் யோசிக்காமல் பெரிய பையாகவே எடுங்கள்.