அடையாறு வார இறுதி அணுக்கரு இயற்பியல் வகுப்பு: மோதல் பாடத்துக்காகவே சேரலாம்

நெட், கேட் நுழைவு/தகுதித் தேர்வுகள் எழுதுகிறவர்களுக்காக அடையாறில் ஒரு சின்ன கோச்சிங் சென்டர் நடத்தும் வகுப்பு இது. அணுக்கரு வினைகள் பகுதியை இப்போதுதான் முடித்தார்கள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மற்ற இடங்களில் இந்தப் பாடம் கியூ மதிப்புக் (வினையில் வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் ஆற்றல்) கணக்கோடு முடிந்துவிடும். இங்கே சார் எடுத்த எடுப்பிலேயே கேட்டது வேறு: இரண்டு லேசான அணுக்கருக்கள் மோதும்போது உள்ளே என்ன நடந்தது என்பதை வெளியே நிற்கும் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே வரும் துகள்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகின்றன என்று பார்க்க வேண்டும். டியூட்டரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) கார்பன்-12 மேல் விட்டால், அதன் பிணைப்பு ஆற்றல் வெறும் 2.2 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) என்பதால் ஓரத்தில் உரசினாலே பிரிந்துவிடும், நியூட்ரான் கார்பனோடு சேர்ந்துகொள்ள புரோட்டான் பெரும்பாலும் முன்பக்கமாகவே பாயும், எல்லாம் சுமார் 10⁻²² விநாடிக்குள். இதுதான் நேரடி வினை. 1936-இல் நீல்ஸ் போர் சொன்ன கூட்டு அணுக்கரு அப்படியில்லை. மோதிய இரண்டும் ஒன்றாகி, வந்த ஆற்றலை எல்லாத் துகள்களும் பங்கு போட்டுக்கொண்டு, மிக மெதுவாகச் சிதைகிறது, வந்த திசையே அதற்கு மறந்துபோகிறது, அதனால் வெளிவரும் துகள்களின் பரவல் 90 டிகிரிக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். இயற்பியலாளர் எஸ்.என். கோஷல் 1950-இல் துத்தநாகம்-64-ஐ இரண்டு வழிகளில் உருவாக்கி, இரண்டும் ஒரே விகிதத்தில் சிதைவதைக் காட்டிய சோதனையை சார் போர்டில் வரைந்து விளக்கியது அவ்வளவு தெளிவு!

அப்புறம்தான் முக்கியமான விஷயம். லேசான அணுக்கருக்களில் ஆற்றலைப் பங்கு போடத் துகள்களே குறைவு, அதனால் நேரடி வினையும் கூட்டு அணுக்கருவும் கலந்து வரும், ஒரே கோட்பாட்டை வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. கார்பன்-12 இரண்டை மோதவிட்டு 1960-இல் கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்த கூர்மையான ஒத்ததிர்வுகளை (குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் வினை திடீரென அதிகரிப்பதை), இரு கருக்களும் மூலக்கூறு போலக் கொஞ்ச நேரம் ஒட்டிச் சுழல்வதாக விளக்குகிறார்கள். இதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

விளக்கம் முழுக்கத் தமிழில், கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய உதவி.

அச்சிட்டுத் தரும் நோட்ஸ்தான் ஏமாற்றம். லித்தியம்-6 வெறும் 1.47 எம்.இ.வி.யில் ஆல்பாவாகவும் டியூட்டரானாகவும் உடைவது அதில் ஒரு வரிகூட இல்லை, வகுப்பில் அதற்கு அரை மணி நேரம் போனது. நோட்டுப் புத்தகம் இல்லாமல் போகாதீர்கள். மதிய பேட்சில் கூட்டம் அதிகம், சந்தேகம் கேட்க முடிவதில்லை, காலை பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள்.