மனப்பாடமா, நாட்குறிப்பா, பேட்டியா? ஒன்பதாம் வகுப்பில் எழுத்தை வளர்ப்பது எது?

கடலூர்ப் பக்கம் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்கள் பலருக்கும் ஒரே கவலைதான். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை கடலைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவான். பேனாவைக் கையில் எடுத்தால் நான்கு வரியில் நின்றுவிடுவான். ஒரு பாடவேளைக்குள் செய்யக்கூடிய பயிற்சிகள் பல உண்டு. ஆனால் எல்லாம் ஒரே பலனைத் தருவதில்லை.

சொல்வதை எழுதுதல் பழைய முறை, இன்றும் தேவையான முறை. ல, ழ, ள குழப்பமும் ஒற்று விடுபடுவதும் இதில்தான் குறையும். வாரம் ஒருமுறை, பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் கை பழகும், யோசனை பழகாது.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வது பத்தாம் வகுப்புத் தேர்வில் மதிப்பெண் தருகிறது என்பதை மறுக்க முடியாது. தலைப்பு கொஞ்சம் மாறினால்தான் சிக்கல். அதே கட்டுரையைப் பத்தி பத்தியாகக் கத்தரித்துக் குழுக்களிடம் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். எது முன்னே, எது பின்னே, ஏன் என்று பிள்ளைகள் வாதாடும்போது கட்டுரையின் அமைப்பு தானாகப் புரிந்துவிடும்.

'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற வினாவுக்குப் படப் பயிற்சி உதவும். ஆனால் மரம் படத்தைக் காட்டினால் வகுப்பே 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்றுதான் எழுதுகிறது. நாட்குறிப்பு அதைவிட மேல், சொந்த வாழ்க்கை உள்ளே வருகிறது. அப்புறம் அதுவும் 'காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்' என்று தேய்ந்துபோகிறது. தவிர, வீட்டு விஷயத்தை ஆசிரியர் படிப்பார் என்ற கூச்சமும் உண்டு. அதை மதிக்க வேண்டும்.

என் ஓட்டு பேட்டிக்குத்தான். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வந்து எழுதுவது. கடலூருக்குத் தலைப்புப் பஞ்சமே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்திருக்க மாட்டார்கள், பிறந்திருந்தாலும் கைக்குழந்தைகள்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை அவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்ஸில் பார்த்து எழுத வழியில்லை.

முதல் நாள் வரும் எழுத்து பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'புயலால் எங்கள் தாத்தா மிகவும் பாதிக்கப்பட்டார்.' இங்கேதான் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேலை. பிழை திருத்தக் கூடாது. மூன்று கேள்வி மட்டும் கேட்க வேண்டும். என்ன போச்சு? தாத்தா அப்போ எங்கே இருந்தார்? மறுநாள் என்ன செய்தார்? மறுபடி எழுதும்போது அந்த வரி இப்படி மாறும்: 'விடிந்ததும் தாத்தா தோப்புக்குப் போனார். அவர் அப்பா வைத்த பலாமரம் கொல்லை வேலி மேல் கிடந்தது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.' இலக்கணம் எதையும் புதிதாகச் சொல்லித்தரவில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நேரம் பிடிக்கும். கேட்க, எழுத, மறுபடி எழுத என்று மூன்று பாடவேளையாவது போகும். நாற்பது நோட்டையும் வரிக்கு வரி திருத்துவது எந்த ஆசிரியராலும் ஆகாது. ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் பாருங்கள்: இந்த வாரம் ஒற்று, அடுத்த வாரம் வாக்கிய முடிவு. பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை இன்னும் குறைவாகத்தான் எழுதும்.

எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைகளுக்கு மட்டும் வரிசை வேறு. அவர்கள் வாயால் சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை எழுதட்டும், பிறகு அதைப் பார்த்து அவர்களே எழுதட்டும். தன் பேச்சு என்பதால் படிக்கவும் வரும். முடிந்த எழுத்தை வகுப்புச் சுவரிதழில் எல்லார் பெயரோடும் ஒட்டுங்கள், நன்றாக எழுதும் ஐந்து பேருடையதை மட்டுமல்ல.