ஸ்கூபா சான்றிதழ்: எந்த நிறுவனம், எந்தப் பயிற்றுநர்?

மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது) கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சான்றிதழ் தரும் நிறுவனங்களில் பி.ஏ.டி.ஐ. நல்லதா, எஸ்.எஸ்.ஐ. நல்லதா என்பதுதான். இரண்டு நிறுவனங்களின் சான்றிதழும் என்னிடம் உள்ளன. புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் சில ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியே கடலில் இறங்கிவருகிறேன்; ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொன்ன டைவிங் மையத்தை இதுவரை பார்க்கவில்லை. இரண்டும் எனக்கு ஒரே பயிற்றுநரிடமிருந்து கிடைத்தவை என்பதுதான் இதில் முக்கியம். அடிப்படைப் படிப்பான 'ஓப்பன் வாட்டரை' அவர் பி.ஏ.டி.ஐ. பயிற்றுநராக இருந்தபோது முடித்தேன். அவர் எஸ்.எஸ்.ஐ. மையம் ஒன்றுக்கு மாறிய பிறகு, 30 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும் அடுத்த கட்டப் படிப்பை அவரிடமே படித்தேன். பாடத்தின் செயலியும் அட்டையின் நிறமும் மாறியிருந்தன. தண்ணீருக்குள் அவர் கற்றுக்கொடுத்த முறையும் அவருடைய கண்டிப்பும் அப்படியே இருந்தன.

நிறுவனங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. பி.ஏ.டி.ஐ. 1966இலும் எஸ்.எஸ்.ஐ. 1970இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டவை. இரண்டின் அடிப்படைப் படிப்பும் 18 மீட்டர் ஆழம் வரைக்கும் உரியது. இரண்டிலும் கடலில் குறைந்தது நான்கு முறை இறங்கிக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.ஐ. பயிற்றுநர் ஏதேனும் ஒரு மையத்தோடு இணைந்துதான் கற்பிக்க முடியும், பி.ஏ.டி.ஐ. பயிற்றுநர் தனியாகவும் கற்பிக்கலாம். என்.ஏ.யு.ஐ. என்னும் இன்னொரு நிறுவனம், குறைந்தபட்சப் பாடத்துக்கு மேல் கூடுதலாக எதிர்பார்க்கும் உரிமையைப் பயிற்றுநருக்கே விட்டுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது, ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பலகையைக் காண்பது அரிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பி.ஏ.டி.ஐ.யில் 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர்' என்பது ஐந்து டைவ்களில் முடிகிற படிப்பு, எஸ்.எஸ்.ஐ.யில் அதே பெயர் நான்கு சிறப்புப் பயிற்சிகளையும் 24 டைவ்களையும் முடித்தவருக்கு மட்டுமே கிடைக்கும். விலைப்பட்டியலை ஒப்பிடும்போது இது பலரைக் குழப்புகிறது.

பயிற்றுநரைத் தேர்வதில் மதுரைப் பக்கத்து ஆட்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் நீச்சல் பழகியது மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துப் பாசனக் கிணறுகளில். முங்கு நீச்சலில் யார் அதிக நேரம் மூச்சுப் பிடிக்கிறார் என்பதுதான் அங்கே பெருமை. ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை ஒருபோதும் பிடிக்கக் கூடாது என்பது. கிணற்றில் மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது, அதனால் தீங்கில்லை. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால், அது இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே இந்தப் பழக்கம் ஊறியிருக்கும் என்பதை என் பயிற்றுநர் அறிந்திருந்தார். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து மறுபடி பொருத்தும் பயிற்சியில், என் உதட்டிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக வெளியேறுவது நின்ற ஒவ்வொரு முறையும் முகத்துக்கு நேராக விரலை ஆட்டி நிறுத்தி, முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

என் மச்சினர் வேறோர் இடத்தில் இதே ஓப்பன் வாட்டர் படிப்பை முடித்தவர். அங்கே எல்லாப் பயிற்சியையும் மணலில் முழங்காலிட்டபடியே செய்யவைத்திருக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்தது, பிறகு என்னோடு வந்தபோது, அவரால் ஓரிடத்தில் மிதந்து நிற்க முடியவில்லை. ஒன்று மேலே போவார், இல்லையென்றால் காலில் மாட்டிய துடுப்பால் மணலைக் கிளப்பி எங்கள் எல்லாருடைய பார்வையையும் மறைத்துவிடுவார். அவர் வைத்திருப்பதும் என்னுடையதைப் போன்ற பி.ஏ.டி.ஐ. அட்டைதான். என் பயிற்றுநரோ நீச்சல் குளத்திலேயே, கையை அசைக்காமல், மூச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கொண்டு நடுநீரில் நிற்கும்வரை விடவில்லை. மாஸ்க்கில் நீர் நிரப்பி வெளியேற்றுவதையும் மிதந்த நிலையிலேயே செய்ய வேண்டியிருந்தது. ஆகவே, மையத்துக்கு போன் செய்யும்போது நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: பயிற்சிகளை முழங்காலிட்டுச் செய்ய வேண்டுமா, மிதந்தபடியா?

அடுத்தது எண்ணிக்கை. கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் வரை பி.ஏ.டி.ஐ. விதி அனுமதிக்கிறது. தெளிந்த நீருக்கு அது சரியாக இருக்கலாம். கலங்கலான நாளில் வங்கக் கடலில் எட்டுப் பேரை ஒருவர் கண்ணில் வைத்திருப்பது நடவாத காரியம். நான்கு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் இடத்துக்குக் கூடுதல் பணம் தரலாம். உடல்நலப் படிவத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே தருகிறார்களா, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, பயிற்றுநரின் உறுப்பினர் எண் நடப்பில் உள்ளதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்; எண்ணைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நான் என் பயிற்றுநரிடமே மீண்டும் போனதற்கு ஒரு காலைப்பொழுது காரணம். லேசான சளியோடு போயிருந்தேன். இறங்கு கயிற்றைப் பிடித்தபடி 3 மீட்டர் போவதற்குள் வலது காதில் வலி. மூக்கைப் பிடித்து ஊதியும் காது திறக்கவில்லை. ஒரு மீட்டர் மேலே ஏற்றி இன்னொரு தடவை முயலச் சொன்னார். அதற்கும் திறக்காததால் கட்டைவிரலை உயர்த்தி மேலே அழைத்து வந்துவிட்டார். படகில் நான் இன்னொரு முறை பார்க்கலாமே என்றேன். "அண்ணே, காசு வாங்கிட்டேங்கிறதுக்காக உங்க காதக் கெடுக்க முடியாது. சளி போகட்டும், இன்னொரு நாள் வாங்க" என்றார். தூத்துக்குடிக்காரர், தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கக்கூடியவர் என்பதும் எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிடலாம். கடலில் பதற்றம் வரும் நேரத்துக்கு வேண்டியதைப் படகிலேயே தாய்மொழியில் கேட்டுத் தெளிந்துகொள்வது வேறு.

மன்னார் வளைகுடா நமக்குப் பக்கம்தானே என்று பலர் கேட்கிறார்கள். அதன் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியின்றி அங்கே போக முடியாது. ஆகவே புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய்வரும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு குறைவாக இருந்தால், பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஓரிடத்தில் முடித்து, கடல் பகுதியை வேறிடத்தில் முடிக்க வழியுண்டு, பி.ஏ.டி.ஐ.யில் அதற்கான பரிந்துரைப் படிவம் 12 மாதம் செல்லும். சொன்ன கட்டணத்தில் பாடக் கட்டணம், அட்டை, உபகரணம், படகு நான்கும் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

ஊர் திரும்பும் நாளைத் திட்டமிடும்போதும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடக்கூடும் என்பதால், பல டைவ்களுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. புதுச்சேரியிலிருந்து மதுரைக்குப் பேருந்திலோ ரயிலிலோ வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் வந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு வண்டி ஏறுவதும் உடம்புக்கு அதே ஆபத்துதான். ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போங்கள்.