"ஓடுதே சார்!": ஊரில் அசெம்பிள் ஆன மெஷினும் இரண்டாவது ஸ்லாட்டும்

ஊருக்கு வந்தால் கம்ப்யூட்டரை ஆள் விட்டு அசெம்பிள் பண்ணிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு. அங்கே கூலிக்குப் பயந்து, மேனுவலை மடியில் விரித்து, ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார வேண்டிய வேலை. இங்கே அரை மணியில் முடிந்துவிடுகிறது. கேபிள் கட்டிய நேர்த்தியில் குறையே இல்லை.

குறை கிராபிக்ஸ் கார்டில். மதர்போர்டில் கார்டு செருகும் மேல் ஸ்லாட் காலி. கார்டு உட்கார்ந்திருப்பது கீழே, இரண்டாவது நீள ஸ்லாட்டில். கேட்டால் பதில்: "மேல கூலர் இடிக்குது சார். ரெண்டும் ஒரே ஸ்லாட்தானே, ஓடுது பாருங்க."

ஒரே ஸ்லாட் இல்லை; ஒரே நீளம், அவ்வளவுதான். மேலே இருப்பதற்கு சிபியுவிலிருந்து நேராக 16 லேன், அதாவது டேட்டா ஓடும் தடம். கீழே இருப்பதற்கு, இந்த போர்டில், சிப்செட் என்ற துணைச் சிப் வழியாக வரும் 4 லேன் மட்டும். இந்த ஸ்லாட்டுகளின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 கணக்கில் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 16 லேனில் 15.8 ஜிபி வரை போகவேண்டியது 4 லேனில் 3.9-இல் நின்றுவிடும். அந்த நாலும்கூட முழுசாகக் கிடைக்காது: ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் சிப்செட்டிலிருந்து சிபியுவுக்குப் போகிற அதே பாதையில்தான் நெருக்கியடிக்கும்.

எரிச்சல் என்னவென்றால், மெஷின் வாயே திறக்காது. பீப் இல்லை, எரர் இல்லை. கார்டும் ஸ்லாட்டும் பேசிக்கொண்டு கிடைத்த லேனில் ஓடிவிடும். கார்டின் மெமரி நிறைந்து ராமிலிருந்து இழுக்க வேண்டிவரும்போதுதான் கேம் திக்கும். உடனே டிரைவர்மேல் பழி.

அந்தக் காலத்தில் இந்த வம்பு கிடையாது. பழைய ஸ்லாட் வகைகளில் ஐஎஸ்ஏ கறுப்பு, பிசிஐ வெள்ளை, கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி பெரும்பாலும் பழுப்பு, அதுவும் ஒன்றே ஒன்று. மாற்றிச் செருகினால் காடியே தடுத்துவிடும். ஏஜிபிக்கு அடுத்த வெள்ளை ஸ்லாட்டை ஏன் காலியாக விட்டோம் என்பது ஐஆர்க்யூ சண்டை (சிபியுவைக் கூப்பிடும் ஒரே லைனுக்கு இரண்டு கார்டு மோதுவது) பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். 16 லேன் ஸ்லாட்டில் உலோகத் தொடுபுள்ளிகள் கடைசி வரை இருக்கும், பக்கத்துக்கு 82. முன்பகுதியோடு நின்று மிச்சம் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது நீளச் சட்டை போட்ட எக்ஸ்4, அதாவது 4 லேன் ஸ்லாட். சில போர்டில் புள்ளிகள் முழுக்க இருந்தும் வயரிங் இருக்காது. அதற்கு மேனுவல்தான் கதி. மெஷின் ஓடும்போது பார்க்க ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேர் போதும்: 'எக்ஸ்16 @ எக்ஸ்4' என்று வந்தால் விஷயம் வெளிச்சம். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 3.0 என்பது 1.1 என்று இறங்கிக் காட்டும். பக்கத்துக் கேள்விக்குறியை அழுத்தி டெஸ்ட் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு எக்ஸ்8, 6500 எக்ஸ்டி-க்கு எக்ஸ்4தான் பிறவியிலேயே. அதைப் பார்த்து அலற வேண்டாம்.

'கூலர் இடிக்குது' என்பதும் பாதி உண்மைதான். இடித்தது ஹீட்சிங்க் அல்ல, அதன் ஃபேன் கம்பி. கிளிப்பைக் கழற்றி ஃபேனை ஒரு விரல்கடை ஏற்றி மாட்டினால் வழி கிடைத்துவிடுகிறது.

கார்டை மாற்றும்போது: ஷட்டவுன், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சுவிட்ச் ஆஃப், பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். முதலில் பவர் கேபிள், அடுத்து பிராக்கெட் ஸ்குரூ, கடைசியில் ஸ்லாட் வால்பக்கத்து லாட்ச். கார்டு பெரிதாக இருந்தால் விரல் எட்டாது; பிளாஸ்டிக் ஸ்கேலால் தள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் வழுக்கினால் போர்டில் கோடு விழும், டிராக் அறுந்தால் போர்டே போச்சு. செருகும்போது பிராக்கெட்டின் அடிநாக்கு கேஸுக்கும் போர்டுக்கும் நடுவே இறங்கியிருக்க வேண்டும். அது சிக்கியிருந்தால் ஸ்குரூ முறுக்க முறுக்க மறுமுனை ஸ்லாட்டிலிருந்து எழும்பும். டிஸ்பிளே விட்டுவிட்டு வரும். ஸ்லாட் தரும் அளவு 75 வாட்தான், மீதிக்கு 6 பின் கேபிளில் 75, 8 பின்னில் 150. மறுபடி மாட்ட மறக்காதீர்கள். மானிட்டர் கேபிளும் கார்டில்தான், போர்டில் அல்ல.

இன்னொரு சங்கடம்: தடித்த கார்டு மேலே ஏறியதும் அதன் அடியில் இருந்த குட்டி எக்ஸ்1 ஸ்லாட் மறைந்துவிட்டது. அங்கேதான் வைஃபை கார்டு இருந்தது. எக்ஸ்1 கார்டு எந்த நீள ஸ்லாட்டிலும் வேலை செய்யும், எனவே காலியான கீழ் ஸ்லாட்டுக்கே அது போனது. அதற்கு முன் மேனுவல் அட்டவணையைப் பார்ப்பது நல்லது. சில போர்டில் கீழ் ஸ்லாட்டில் ஏதாவது ஏறினால் எஸ்எஸ்டி செருகும் எம்.2 சாக்கெட்டோ டிஸ்க் மாட்டும் இரண்டு சாட்டா போர்ட்டோ படுத்துவிடும். மேனுவல் பெட்டியடியில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

எல்லாம் முடிந்து 'எக்ஸ்16 @ எக்ஸ்16' வந்ததைக் காட்டினால், ஆளின் கண் கீழ் ஸ்லாட்டில்தான். "இவ்ளோ பெரிய ஸ்லாட்ல இத்தினியூண்டு வைஃபை கார்டா சார்?"