அமிகா 1200-இல் கிக்ஸ்டார்ட் மாற்றம்: ஆயத்த சிப்பா, சொந்தமாக எழுதும் ஈப்ரோமா, ரேமில் ஏற்றுவதா?

கமடோர் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட அமிகா 1200 வீட்டுக் கணினியை இன்றும் இயக்கி வருபவர்கள் ஏதேனும் ஒரு கட்டத்தில் கிக்ஸ்டார்ட் ரோமை, அதாவது இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதிகளைத் தாங்கிய நிலை நினைவகச் சிப்களை, மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே செய்வார்கள். மின்சாரம் வந்ததும் பிராசசர் படிக்கும் முதல் கட்டளை அந்த ரோமில்தான் இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான எக்ஸெக், வட்டுகளை அணுகும் இயக்கி (டிரைவர்), சாளரங்களை ஆளும் இன்ட்யூஷன் ஆகியவை எல்லாம் 512 கிலோபைட்டுக்குள் அங்கே அடங்கியுள்ளன. இந்தக் கணினி முதலில் 3.0 பதிப்புடனும் பின்னர் 3.1 பதிப்புடனும் விற்பனைக்கு வந்தது. 1994-இல் கமடோர் திவாலான பிறகும் இதன் வளர்ச்சி நின்றுவிடவில்லை. ஹைப்பீரியன் நிறுவனம் 2018-இல் 3.1.4 பதிப்பையும் 2021-இல் 3.2 பதிப்பையும் வெளியிட்டது.

புதிய பதிப்புக்கு மாறுவதற்கான முதன்மைக் காரணம் வட்டின் அளவு. பழைய ரோமில் உள்ள வட்டு இயக்கி, வட்டில் ஓர் இடத்தை 32 பிட் எண்ணால்தான் குறிக்கிறது என்பதால் 4 ஜிபிக்கு அப்பால் அதனால் போக முடியாது. இன்று கிடைக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைகளில் பெரும்பாலானவை அந்த எல்லையை எளிதில் தாண்டுகின்றன. 3.1.4 முதல் இந்தத் தடை நீங்கிவிட்டது. இதற்கு மூன்று வழிகள் உண்டு: புதிய பகுதிகளை ரேமில் ஏற்றுவது, ஆயத்த ரோம் சிப்களை வாங்கிப் பொருத்துவது, அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஈப்ரோம் சிப்பில் நாமே எழுதிக்கொள்வது. இவற்றை ஒப்பிடும்போது, அவை இந்த ஒரு பிரச்சினையை எவ்வளவு முழுமையாகத் தீர்க்கின்றன என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

சிப்புக்கெனச் செலவு இல்லாதது ரேமில் ஏற்றும் வழி. புதிய பதிப்புகளுடன் வரும் லோட்மாட்யூல் என்ற கட்டளை, தொடக்கக் கோப்பின் முதல் வரிகளில் இயங்கி, புதுப்பிக்கப்பட்ட பகுதிகளை ரேமில் வைத்துவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யும். இரண்டாவது முறை எழும்போது பழைய பகுதிகளுக்குப் பதிலாகப் புதியவை செயல்படும். சாதாரண மறுதொடக்கத்தில் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும், மின்சாரத்தை நிறுத்தினால் கலைந்துவிடும். எனவே நிறுத்தி வைத்த கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வட்டைத் தொடுவது பழைய ரோம்தான். பூட் பிரிவை (கணினி எழும் வட்டுப் பிரிவை) முதல் 4 ஜிபிக்குள் அமைக்க வேண்டும் என்பது இதனால் வரும் கட்டாயம்.

அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. இரண்டு மவுஸ் பொத்தான்களையும் அழுத்தியபடி இயக்கி, தொடக்கக் கோப்பைத் தவிர்த்துவிட்டு உள்ளே நுழைந்தாலோ, பழைய ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்தாலோ, லோட்மாட்யூல் இயங்கவே இயங்காது. வட்டின் தலைப்பகுதியில் புதிய கோப்பு முறைமையைப் பதித்து வைக்காத நிலையில், பழைய இயக்கியும் பழைய கோப்பு முறைமையும் சேர்ந்து 4 ஜிபிக்கு அப்பாலுள்ள பிரிவில் எழுத முயன்றால், முகவரி எண் நிரம்பி வழிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். எழுதப்படும் தரவு வட்டின் தொடக்கத்தில் போய் விழும். பிரிவு அட்டவணை இருப்பதே அங்கேதான். பிழைச் செய்தி எதுவும் வராமலே இது நடந்து முடிந்துவிடலாம் என்பதால், பெரிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு இதை நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய பதிப்பு நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க மட்டும் இதைவிட நல்ல வழி இல்லை.

68030 பிராசசரும் ஃபாஸ்ட் ரேமும் (படம், ஒலிச் சிப்களுடன் பகிராத வேகமான நினைவகம்) கொண்ட முடுக்கி அட்டை இருந்தால் இந்த வழியின் மதிப்பு கூடுகிறது. ரோம் முழுவதையும் ஃபாஸ்ட் ரேமுக்கு நகலெடுத்து, அதே முகவரியில் தெரியும்படி செய்ய முடியும் என்பதால் வேகமும் கூடும். அந்தச் சிப்களுடன் பகிரும் வெறும் 2 எம்பி சிப் ரேமுடன் இருக்கும் கணினிக்கு அந்த வசதி இல்லை.

ஆயத்த ரோம் சிப்களை வாங்கிப் பொருத்துவது இந்தச் சிக்கல்களை அடியோடு நீக்குகிறது. மின்சாரம் வந்த முதல் நொடியிலிருந்தே புதிய இயக்கிதான் வேலை செய்யும். ஆனால் பொருத்துவதில் நிதானம் வேண்டும். அமிகா 1200-இல் இரண்டு சிப்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 40 கால்கள், சாக்கெட்டிலோ 42 துளைகள். எந்த இரண்டு துளைகளைக் காலியாக விட வேண்டும் என்பதைப் பழைய சிப்பைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இடம் மாறிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் சிப் பாழாகலாம். பழையதை நெம்பி எடுக்கும்போது கருவியின் முனை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நுழைய வேண்டும். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே நுழைந்தால் கீழே ஓடும் மெல்லிய செப்புத் தடங்கள் அறுபடும். இன்னொரு மாற்றத்தையும் அறிந்திருக்க வேண்டும். இடம் போதாமையால் 3.1.4-இல் இக்கணினிக்கான ரோமிலிருந்து, மேசைத்திரையைக் காட்டும் வொர்க்பெஞ்ச் நூலகம் வட்டுக்கு மாற்றப்பட்டது. பழைய 3.1 ஃபிளாப்பியை அப்படியே போட்டால் மேசைத்திரை வராது. அவசரகால ஃபிளாப்பியைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

ஈப்ரோமில் நாமே எழுதிக்கொள்வதன் பலன் முடிவில் ஆயத்த சிப்புக்கு நிகரானதே. 3.2 குறுவட்டில் எல்லா மாதிரிகளுக்குமான ரோம் கோப்புகள் இருக்கின்றன. 512 கிலோபைட் கோப்பை 16 பிட் துண்டுகளாக மாற்றி மாற்றிப் பிரித்து, இரண்டு 256 கிலோபைட் கோப்புகளாக்க வேண்டும். பைட் வரிசையையும் பெரும்பாலும் திருப்ப வேண்டியிருக்கும். 27சி400 சிப்பின் கொள்ளளவு 512 கிலோபைட் என்பதால் ஒவ்வொரு பாதியையும் இருமுறை அடுத்தடுத்து எழுத வேண்டும். மலிவு விலை எழுதுகருவிகள் பலவற்றுக்கு இதற்கெனத் தனி அடாப்டர் தேவைப்படும்; அழிக்கப் புற ஊதா விளக்கும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரே ஒரு கணினிக்காக இதில் இறங்குவது கட்டுப்படியாகாது. பல அமிகாக்களைப் பராமரிப்பவர்களுக்கும், ஹைப்பீரியன் வெளியிட்ட 3.2.1, 3.2.2 போன்ற திருத்தங்களை வந்தவுடன் ரோமிலேயே வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இது மிகப் பொருத்தமானது. எழுதியது பிழையாக இருந்தால் திரை சிவப்பாக மாறி நின்றுவிடும். சரிபார்ப்புக் கூட்டல் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம் அது. பைட் வரிசையே தலைகீழாகிவிட்டால் முதல் கட்டளையே பொருளற்றதாகிவிடுவதால் அந்தச் சிவப்பைக் கூட எதிர்பார்க்க முடியாது.

ராஸ்பெர்ரி பையை முடுக்கியாக மாற்றும் பைஸ்டார்ம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு தேவைப்படாது. அதில் இயங்கும் எமு68 மென்பொருள் எஸ்டி அட்டையில் உள்ள கிக்ஸ்டார்ட் கோப்பை எடுத்துக்கொள்ளும். பதிப்பை மாற்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். மற்றவர்களில், 4 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையைப் பயன்படுத்துபவர்கள் லோட்மாட்யூல் வழியில் சில வாரங்கள் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதன்பின் ஆயத்த சிப்களை வாங்கிப் பொருத்துவதே சரி. அந்தச் சோதனைக் காலத்தில் 4 ஜிபிக்கு அப்பால் எந்தப் பிரிவையும் உருவாக்காமல் இருக்க வேண்டும்.