நாடாளுமன்ற இணையதளம், ஹன்சாட், பொது மனு: வன்னி வாக்காளருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

இலங்கை நாடாளுமன்றம் பொதுமக்களுக்குத் தரும் சேவையில் மூன்று முக்கியமானவை: இணையதளத்திலுள்ள உறுப்பினர் விபரம், ஹன்சாட் என்ற விவாதப் பதிவு, பொது மனு. வன்னியில் ஒரு காணிப் பிரச்சினையையோ குளத்துப் பிரச்சினையையோ கையில் வைத்திருப்பவருக்கு இவை என்ன பயன் தரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உறுப்பினர் விபரம். தேர்தல் மாவட்டத்தை வைத்துத் தேடும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள் மட்டும். கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் தேர்தல் கணக்கில் அது யாழ்ப்பாணத்தோடு சேரும். ஆகவே மாங்குளத்தில் வாக்குள்ளவர் வன்னிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பூநகரியிலோ கண்டாவளையிலோ வாக்குள்ளவர் யாழ்ப்பாணப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கிளிநொச்சிக்காரர் வன்னி என்று தேடினால் வேறு ஆட்களின் பெயர்தான் வரும்.

வன்னிக்கு 6 ஆசனங்கள். 2024 தேர்தலில் அந்த ஆறும் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்து போயின: ஒரு கட்சிக்கு 2, மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று. மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போகும். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களைக் கழித்துவிட்டு மிச்ச ஐந்து ஆசனங்களை விகிதாசாரப்படி பங்கிடுவார்கள். கட்சிக்குள் யார் போவது என்பதை, வாக்காளர் வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கு தீர்மானிக்கும். மன்னாருக்கு இவர், முல்லைத்தீவுக்கு அவர் என்று சட்டத்தில் ஒரு பங்கீடும் இல்லை. ஆறு பேருமே மூன்று மாவட்டத்துக்கும் பொறுப்பானவர்கள். மன்னார் முசலியில் இருப்பவர் முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பில் வசிக்கும் உறுப்பினரிடம் போனாலும் 'நான் உங்கட எம்பி இல்லை' என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை இணையதளம் பக்கத்தின் மேலேயே எழுதி வைத்தால் எத்தனையோ பேருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகும்.

ஒவ்வொரு உறுப்பினரின் பக்கத்திலும் கட்சி, தொழில், அங்கம் வகிக்கும் குழுக்கள் போன்றவை கிடைக்கும். நம் ஆட்கள் முதலில் பார்ப்பது படிப்பு. ஆனால் உறுப்பினராவதற்கு அரசியலமைப்பு எந்தக் கல்வித் தகைமையையும் கேட்கவில்லை. 90ஆம் உறுப்புரையின்படி வாக்காளராக இருக்கத் தகுதியுள்ள எவரும் உறுப்பினராகலாம். 91ஆம் உறுப்புரை விலக்கியவர்களுக்குத்தான் அது முடியாது: நீதிபதிகள், பொலிஸார், முப்படையினர், பதவிநிலை அரச உத்தியோகத்தர்கள், கடன் தீராத வங்குரோத்தானவர்கள், கடந்த ஏழு ஆண்டுக்குள் இலஞ்சம் வாங்கியதாகத் தீர்ப்பு வந்தவர்கள் என்று அந்த வரிசை போகும். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு 19ஆவது திருத்தம் போட்ட தடையை 20ஆவது திருத்தம் எடுத்தது; 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. அது வெறும் எழுத்தாகக் கிடக்கும் தடையில்லை. 2024 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் டயானா கமகே தன் ஆசனத்தை உயர் நீதிமன்றத்தில் இழந்தது பிரஜாவுரிமைப் பிரச்சினையில்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து வேட்புமனுவில் கையெழுத்து வைக்க நினைக்கும் நம்மவர்கள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

பெயருக்கு முன்னாலுள்ள பட்டங்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 2024 டிசம்பரில் கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் சபாநாயகர் அசோக ரன்வல பதவி விலகினார். அதே நாட்களில் நீதி அமைச்சரின் பெயருக்கு முன்னால் அவருக்கு இல்லாத கலாநிதிப் பட்டம் இணையதளத்தில் ஏறியிருந்தது. தரவு பதிந்தபோது நேர்ந்த பிழை என்று நாடாளுமன்றத் தரப்பு விளக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தில் படிப்பைவிடப் பயனுள்ளது குழு விபரம். உங்கள் பிரச்சினை வனவளத் திணைக்களத்தோடு என்றால், அந்தத் துறையைப் பார்க்கும் துறைசார் மேற்பார்வைக் குழுவில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். திணைக்களத்தின் கணக்கு பற்றியதென்றால் கோபா என்ற அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, கூட்டுத்தாபனம் அல்லது சபை பற்றியதென்றால் கோப் என்ற அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு. அதிகாரிகளை எதிரே இருத்திக் கேள்வி கேட்கும் இடம் அந்தக் குழு அறைதான். சபையில் பத்து நிமிடம் முழங்கும் பேச்சைவிட அங்கே கேட்கும் ஒரு கேள்விக்குப் பலன் அதிகம்.

ஹன்சாட்தான் மூன்றிலும் சிறந்தது. ஒவ்வொரு அமர்வு நாளுக்கும் ஒரு கோப்பு. உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் இருக்கும். பத்திரிகைச் செய்தியையும் முகநூல் காணொளித் துண்டையும் வைத்து ஆளை எடைபோடுவதைவிட, வாய்மூல விடைக்கான வினாக்கள் பகுதியை மட்டும் வாசித்தாலே போதும். எண்ணோடும் திகதியோடும் குளத்தின் பெயரோடும் கேட்கிறாரா, பொதுவாகக் குமுறிவிட்டு அமர்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

குறை மொழியில் இருக்கிறது. பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அதே மொழியில்தான் அச்சாகும். தமிழ் உறுப்பினர் தமிழில் கேட்ட கேள்வி தமிழில் இருக்கும், அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் சிங்களத்தில் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒட்டுசுட்டான் விவசாயிக்குக் கேள்வி கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை. இரண்டு மொழியும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில், குறைந்தது அமைச்சர்களின் பதில்களையாவது தமிழிலும் தர வேண்டும். பழைய கோப்புகள் பலவற்றில் இன்னொரு தொல்லை: தமிழ் எழுத்துரு யுனிகோட் இல்லை, ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால் அகப்படாது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத்தான் போக வேண்டும்.

அடுத்தது பொது மனு. அரச அதிகாரி ஒருவர் அநீதி செய்தார், உரிமையை மீறினார் என்றால் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடலாம். நேரடியாக அனுப்ப முடியாது, உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்ட ஆறு பேரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, 225 பேரில் எவரும் செய்யலாம். கட்சிகளின் நாடளாவிய வாக்கின்படி தேசியப்பட்டியலில் வந்த 29 பேரும் இதில் அடக்கம். தமிழிலேயே எழுதலாம். பெயர், முகவரி, நடந்தது என்ன, எந்தத் திணைக்களம், எந்தத் திகதி, கடைசியில் என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் பலவீனப்படுவது இந்தக் கடைசி இடத்தில். நான்கு பக்கத்துக்குத் துயரம் எழுதியிருக்கும், 'இன்ன காணிக்கு இன்ன அனுமதிப்பத்திரம் தரவேண்டும்' என்ற ஒரு வரி இருக்காது. வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட வயல் என்றால் அனுமதிப்பத்திரம், பிரதேச செயலகக் கடிதங்கள், கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைத் திகதி வரிசையில் இணையுங்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கை மனுவாக்காதீர்கள்.

மனு பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும், பரிந்துரை செய்யும். பரிந்துரைதான், நீதிமன்றக் கட்டளை இல்லை. அவசரமான காரியத்துக்கு இந்த வழி பொருந்தாது. 1994இல் சட்டம் திருத்தப்பட்ட பின் அரச நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு உறுப்பினர் இல்லாமலே நேரடியாக எழுதலாம். இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

எந்தக் காரியத்தை எம்பியிடம் கொண்டுபோவது என்பதிலும் கவனம் வேண்டும். ஊருக்குள் போகும் கிரவல் வீதி பிரதேச சபையின் வேலை; ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. அருவி ஆற்று நீரை வாங்கும் கட்டுக்கரைக்குளம் போன்றது மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. இப்படி மத்திய அரசின் கீழுள்ளவற்றைத்தான் உறுப்பினர் அமைச்சரிடம் கேள்வியாக எழுப்ப முடியும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பின் மாகாணத்துக்குரிய வேலைகளும் எம்பிமாரின் தலையில் விழுந்தன. அவற்றுக்கு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமே பொருத்தமான இடம். கூட்டத்துக்கு முன்னரே பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதி உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

உறுப்பினரின் வருகை, கொடுப்பனவு போன்றவை தேவையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றத் தகவல் அலுவலருக்குத் தமிழில் விண்ணப்பம் அனுப்பலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் தொடர்ச்சியாக விடுமுறை பெறாமல் சபைக்கு வராதவரின் ஆசனம் வறிதாகும் என்பதால் வருகைப் பதிவு சின்ன விஷயமில்லை.

உறுப்பினர் விபரத்துக்கு ஐந்துக்கு மூன்று, ஹன்சாட்டுக்கு நான்கு, பொது மனுவுக்கு இரண்டரை. அமைச்சர்களின் பதில்கள் தமிழிலும் வந்தால் ஹன்சாட்டுக்கு ஐந்தும் கொடுக்கலாம்.