பழைய வண்டி, பொய் சொல்லாத இன்சூரன்ஸ்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆறு ஆண்டு அனுபவம்

2019 ஆகஸ்டில், எனக்கு 21 வயதானபோது, கேரள எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த நான், தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சியில் ஒருவரிடமிருந்து 125 சிசி இருசக்கர வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். அது 2016 நவம்பரில் பதிவான வண்டி. பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன்; மாதச் சம்பளம் 9,500 ரூபாய். எங்கள் பக்கத்து இளைஞர்களில் பலர், நம் வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் முழுமையான இன்சூரன்ஸ் என்பது வசதி உள்ளவர்களுக்கானது என்றும், நம்மைப் போன்றவர்கள் போலீஸ் சோதனையில் காட்டுவதற்கு ஒரு தாள் வைத்திருந்தால் போதும் என்றும் நினைக்கிறார்கள். படிவத்தில் ஒரு விவரத்தையும் மறைக்காமல் ஆறு ஆண்டுகள் காப்பீடு கட்டி வந்தவன் என்ற முறையில், என் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் மிக அதிகம் என்று படித்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டின் கட்டணத்தை, ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது. ஓட்டுபவருக்கு 21 வயதானாலும் 60 வயதானாலும் தொகை ஒன்றுதான். அதை மாற்றுவது இன்ஜினின் அளவு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். அதற்கும் மேலே 2,804 ரூபாய். அதாவது 149 சிசி வண்டிக்கும் 155 சிசி வண்டிக்கும் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியாவிட்டாலும், ஆண்டுதோறும் கட்டும் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வண்டி வாங்கும் நாளில் நிறத்தையும் மைலேஜையும் கேட்கிற நாம், இந்த எல்லைக்கோட்டைக் கேட்பதில்லை.

வண்டியைக் கேரளத்துக்கு மாற்றும் வேலைதான் எனக்கு முதல் சோதனையாக இருந்தது. பொள்ளாச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பாலக்காடு மாவட்டச் சித்தூர் அலுவலகத்தில் கே.எல்.70 எண்ணுடன் என் பெயரில் பதிவுச் சான்றான ஆர்.சி. கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. "எதற்குத் தம்பி இந்த அலைச்சல்? பழைய ஆள் பெயரிலேயே ஓட்டு, இன்சூரன்ஸையும் அவர் பெயரிலேயே புதுப்பித்துக்கொள்" என்று சொன்னவர்கள் பலர். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் பாதுகாப்பு புதியவருக்குத் தொடரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. பெயர் மாறாதவரை, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நாம் பணம் கேட்க முடியாது. ஆகவே அலைந்தேன், அதில் வருத்தமில்லை.

நவம்பரில் பழைய பாலிசி முடிந்தபோது இரண்டாவது சோதனை வந்தது. விற்றவர் மூன்று ஆண்டுகள் இழப்பீடு கேட்காததால், சொந்தச் சேதக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவருக்கு 35 சதவீதம் சேர்ந்திருந்தது. அந்தச் சலுகை வண்டியுடையது அன்று, அதன் உரிமையாளருடையது. வண்டியை விற்றாலும் அவரிடமேதான் இருக்கும். ஏஜென்ட் ஒருவர், அதே 35 சதவீதத்தை என் பெயரிலும் போட்டுத் தருவதாகவும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அன்றைய என் கணக்கு இது: மூன்றாம் நபர் காப்பீடு 752, என் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீடு 520, உரிமையாளர் விபத்துக் காப்பீடு 330, ஜி.எஸ்.டி. சேர்த்து 1,890 ரூபாய். அவர் சொன்னபடி செய்திருந்தால் ஏறத்தாழ 215 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அது எனக்கு ஒரு வாரப் பெட்ரோல். ஆனாலும் முந்தைய பாலிசியின் பின்பக்கத்தைப் படித்தபோது, போனஸ் பற்றிய உறுதிமொழி தவறெனத் தெரிந்தால் சொந்தச் சேதப் பகுதியின் பலன்கள் முழுவதும் பறிபோகும் என்று அச்சிட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தொகையை ஒரே நாளில் எடுத்து வைப்பது என் சம்பளத்தில் கடினம்தான். அம்மா, பெண்கள் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் வாரந்தோறும் சேமிப்புப் போடுபவர். என் பங்காக வாரத்துக்கு 40 ரூபாய் அவரிடம் கொடுத்து வந்தேன். நவம்பரில் பணம் தயாராக இருக்கும். 2021-இல் மட்டும் 12 நாட்கள் தவறிவிட்டேன். வண்டியை மறுபடி பரிசோதித்த பிறகே முழுக் காப்பீடு தந்தார்கள். அதுவரை பஸ்ஸில் போனேன். 90 நாட்களைத் தாண்டியிருந்தால், சேர்ந்திருந்த 25 சதவீத போனஸும் போயிருக்கும்.

2022 ஆகஸ்டில், ஆடிக் காற்று ஓயாத ஒரு நாள் இரவு, கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்பது எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லைக்குச் சற்று முன், தமிழ்நாட்டுப் பகுதியில், சாலையில் விழுந்து கிடந்த தென்னை மட்டை முன்சக்கரத்தில் சிக்கி வண்டி கவிழ்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு நான் தப்பினேன். வண்டியின் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட், மட்கார்ட், இண்டிகேட்டர்கள் எல்லாம் உடைந்துவிட்டன. அங்கேயே படம் எடுத்து, அன்றிரவே நிறுவனத்துக்கு போன் செய்தேன். விபத்து ஒரு மாநிலத்தில், ஒர்க்‌ஷாப் இன்னொரு மாநிலத்தில் என்பது தடையாக இருக்கவில்லை.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தேன். டேங்கில் இருந்த பழைய நெளிவையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்றார் அவர். நான் சர்வேயரிடமே அது பழையது என்று காட்டினேன். அவர் அதை விலக்கிக் குறித்துக்கொண்டு, போனஸ் விவரத்தையும் லைசென்ஸையும் சரிபார்த்தார்.

மொத்த பில் 8,500 ரூபாய். அதில் பிளாஸ்டிக் பாகங்கள் 2,800. புதுப் பாகத்தின் விலையில் கழிக்கும் தேய்மானம் அவற்றுக்கு 50 சதவீதம் என்பதால் 1,400 கிடைத்தது. உலோகப் பாகங்கள் 4,200; ஐந்து வயதைக் கடந்த வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம் என்பதால் 2,520. கூலி 1,500 முழுமையாக. நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 100 ரூபாய் போக, என் கணக்கில் 5,320 ரூபாய் வந்தது. மீதி 3,180 என் கையிலிருந்து போனது. முழுக் காப்பீடு என்றால் பில் முழுவதும் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்தத் தேய்மானத்தில்தான். என் ஏஜென்ட்டும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். அன்று 215 ரூபாய்க்காகப் பொய் எழுதியிருந்தால் இந்த 5,320 ரூபாயை நான் கேட்கவே முடிந்திருக்காது. இழப்பீடு பெற்றதால் அந்த நவம்பரில் போனஸ் பூஜ்யமானது. சொந்தச் சேதக் கட்டணமே சில நூறு ரூபாய் என்பதால், அது பெரிய நட்டமில்லை.

அம்மாவைப் பின்னால் அமர்த்திச் சித்தூர் பகவதி கோயிலுக்குப் போவதுண்டு. வெறும் சட்டப் பொறுப்புக் காப்பீட்டில், அதாவது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், பின்னால் அமர்ந்து வருபவர் மூன்றாம் நபராகக் கருதப்பட மாட்டார் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதை அறிந்த பிறகு, ஆண்டுக்கு 70 ரூபாய் கூடுதலாகக் கட்டிப் பின்னிருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பைச் சேர்த்தேன்.

2025 நவம்பரில், 9 வயதான இந்த வண்டிக்கு மூன்றாம் நபர் 714, சொந்தச் சேதம் 260, உரிமையாளர் விபத்து 320, பின்னிருக்கை 70, வரி சேர்த்து 1,610 ரூபாய் கட்டினேன். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு மதிப்பை நாமும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். 12,000 ரூபாய் மதிப்புப் போட்டால் இன்னும் குறையும் என்றார்கள். வண்டி திருடுபோனால் அந்த 12,000-ஐ வைத்துக்கொண்டு எந்தச் சந்தையில் இன்னொன்று வாங்குவது? 20,000 ரூபாய்க்கே எடுத்தேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பையனுக்கு வாங்கும் வண்டியை அப்பா பெயரில் பதிவது வழக்கம். 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாய விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் செல்லுபடியாகும் லைசென்ஸுடன் தாமே ஓட்டும்போதுதான் பொருந்தும். நாள்தோறும் ஓட்டுகிற மகனுக்கு அதில் ஒன்றுமில்லை. சித்தி மகன் சென்ற மாதம் புது வண்டி எடுக்கப் போனபோது இதைச் சித்தப்பாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். 149 சிசி வண்டி, ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு வரியுடன் 4,544 ரூபாய், ஆர்.சி. அவன் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.